நிழலுக்கு ஏற்றம் உண்டோ? — தொலைக்காட்சி இராமாயணத்தின் அக்னிப்ரவேசக் கட்டமும் பூர்வர்களின் நோக்கும்

ராமானந்த ஸாகர் எழுதி இயக்கிய 'ராமாயண்' என்னும் ஹிந்தித் தொடர் 1987-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் தூர்தர்ஷனில் தொடங்கி 1988-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் நிறைவுற்றது. ஞாயிறு காலைதோறும் ஒளிபரப்பான அதன் 78 பகுதிகளையும் பாரத தேசத்தின் பெரும்பகுதி ஒருமித்துக் கண்டது. தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலையிட்டு, தூபம் காட்டி, நீராடிய பின்னரே அதன்முன் அமர்ந்த இல்லங்கள் பல. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது மார்ச் 28 முதல் அத்தொடர் மீண்டும் ஒளிபரப்பாயிற்று. ஏப்ரல் 16-ஆம் நாள் வந்த பகுதியை மட்டும் 7.7 கோடிப் பேர் கண்டனர் என்று தூர்தர்ஷன் அறிவித்தது. முதற்காலத்தில் பெற்றோர் மடியிலிருந்து கண்டவர்கள் இம்முறை தம் மக்களை அருகில் இருத்திக்கொண்டு கண்டனர். மக்கள் கேள்வி கேட்டனர். பழைய வாதங்களும் புதிதாய் எழுந்தன.

அவ்வாதங்களில் தலையாயது இராவண வதத்துக்குப் பின்வரும் அக்னிப்ரவேசக் கட்டத்தைப் பற்றியது. சிறை மீண்ட பிராட்டியைத் தீயின் வழியாக ஏற்கப் பெருமாள் முனைகையில், இளையபெருமாள் பொறாமல் எதிர்த்துக் கேட்கிறார். அப்போது பெருமாள் அதுவரை மறைத்து வைத்திருந்த ஒன்றை அவருக்கு வெளியிடுகிறார். இராவணன் வருமுன்பே மெய்யான ஸீதை அக்னிதேவனிடம் அடைக்கலமாக வைக்கப்பட்டாள். இலங்கைக்குக் கொண்டுபோகப்பட்டது அவளுடைய நிழலே. இப்பொழுது நிழலைத் தீயிலிட்டு மெய்யானவளைத் திரும்பப் பெற வேண்டும் என்பது அச்செய்தி. முன் நடந்ததைப் பின்னோக்கிக் காட்டும் காட்சியும் உடன் வருகிறது. பின்னர்த் தீ மூட்டப்பட, நிழல் புகுகிறது, மெய்யானவள் வெளிவருகிறாள்.

இக்கட்டத்தைப் பற்றி ரஸிகர்கள் இரு பிரிவாய் நிற்கின்றனர். ஒரு சாரார், 'இது நெஞ்சுக்கு ஆறுதல் தரும் விளக்கம். பிராட்டியை அரக்கன் தீண்டவும் இல்லை, பெருமாள் ஐயுறவும் இல்லை. ஆகவே எவர்மீதும் குறையில்லை' என்பர். மற்றொரு சாரார், 'இது உண்மையை மூடும் திரை; வால்மீகி மறைக்காமல் சொன்னதை எதிர்கொள்ளத் துணிவின்றி நிழலைக் கொண்டு வந்து நிறுத்தினர்' என்பர். இளையபெருமாளின் சினக் கேள்வியைத் தம் கேள்வியாகவே கொண்டாடும் இவர்கள், அதற்குக் கிடைத்த விடையில் நிறைவு அடைவதில்லை. இரு சாராரும் பிராட்டியிடம் பரிவுடையவர்களே. ஆயினும் இருவர் வாதத்துக்கும் அடியில் ஒரே எண்ணம் கிடக்கிறது. பிராட்டி இலங்கையில் சிறையிருந்தது அவளுக்கு நேர்ந்த ஓர் இழுக்கு என்பதே அவ்வெண்ணம். ஒருவர் அவ்விழுக்கு நேரவே இல்லை என்கிறார். மற்றவர் நேர்ந்ததற்காக நீதி கேட்கிறார். சிறையை இழுக்காக இருவரும் கொண்டதை ஆராய்ந்தாரில்லை.

நம் பூர்வாசார்யர்கள் தொடங்கும் இடமே வேறு. பிள்ளைலோகாசார்யர் ஸ்ரீவசநபூஷணத்தின் தொடக்கத்தில், இதிஹாஸங்களுள் சிறந்த ஸ்ரீராமாயணம் சிறையிருந்தவளுடைய பெருமையைச் சொல்லவே எழுந்தது என்று அருளிச்செய்கிறார். பெருமாளுடைய வில்லாண்மையும் தந்தை சொல் காத்த திறமும் இருக்க, சிறையையே இதிஹாஸத்தின் உயிராக எடுத்தார். மணவாள மாமுனிகள் தம் வ்யாக்யானத்தில் இதனை விரிக்கிறார்: இராவணன் சிறைவைத்த தேவமாதர்களின் சிறையை விடுவிக்கப் பிராட்டி தானே சிறை புகுந்தாள். குழந்தை கிணற்றில் விழக் கண்ட தாய் தானும் உடனே குதிப்பதுபோல்வது இது. வலியற்று அகப்பட்டவளின் சிறை வேறு, வாத்ஸல்யத்தாலே தானே புகுந்தவளின் சிறை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணியதே வாதத்தின் மூலம்.

இது வ்யாக்யாதாக்கள் தம் பக்தியால் ஏற்றிச் சொன்ன பொருள் அன்று. வால்மீகியிலேயே இதற்குச் சான்று உண்டு. ஸுந்தரகாண்டத்தில் பிராட்டி இராவணனை நோக்கி, தன் தேஜஸ்ஸால் அவனைச் சாம்பலாக்க வல்லவளாயினும், பெருமாளுடைய ஆணை இல்லாமையாலும் தன் தவத்தைக் காக்க வேண்டியும் அதைச் செய்யவில்லை என்கிறாள். திருவடி தம் தோளில் எழுந்தருளப் பண்ணிக்கொண்டு போவதாக விண்ணப்பித்தபோதும் அவள் இசையவில்லை. பெருமாளே வந்து மீட்பதுதான் அவருக்குத் தகும் என்கிறாள். சிறையினின்று நீங்கும் வழி இரண்டு தன் கையில் இருந்தும் இரண்டையும் விட்டவள், அகப்பட்டவள் ஆகாள். அவள் சிறையில் இருந்தது சக்தி இல்லாமையால் அன்று, பாரதந்த்ர்யத்தால் என்பது இதனால் தேறும்.

இனி, சிறையிருந்தவள் நிழலே என்று கொண்டால் என்ன நேரும் என்று பார்க்க வேண்டும். அசோகவனிகையில் நிகழ்ந்தவற்றைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். தன்னைக் கவர்ந்து வந்தவனுக்கே, பெருமாள் சரணடைந்தவரிடம் வாத்ஸல்யம் உடையவர் என்றும், அவரோடு நட்புக் கொண்டு பிழைத்துப் போ என்றும் ஹிதம் சொன்னாள். பெருமாளோடு கூடியிருக்கையில் அவரைத் திருத்துவாள், பிரிந்திருக்கையில் சேதநனைத் திருத்துவாள் என்று பிள்ளைலோகாசார்யர் புருஷகாரத்தின் இயல்பை வகுத்தது இதுபோன்ற நிகழ்ச்சிகளைத் திருவுள்ளம் பற்றியே. த்ரிஜடை கனவைச் சொல்ல, அச்சமுற்ற அரக்கியர்க்கு, அக்கனவு மெய்யானால் தானே அவர்களுக்குச் சரணமாவதாக வாக்களித்தாள். போர் முடிந்து வெற்றிச் செய்தியோடு வந்த திருவடி, பத்து மாதங்கள் அவளை வருத்திய அவ்வரக்கியரைக் கொல்ல அனுமதி வேண்டினார். அப்போது, குற்றம் செய்யாதார் உலகில் எவர் என்று கேட்டு அவரைத் தடுத்தாள்.

இந்நிகழ்ச்சியைக் கொண்டே பராசர பட்டர் ஸ்ரீகுணரத்நகோசத்தில் பிராட்டியின் மேன்மையை நிலைநாட்டுகிறார். விபீஷணனையும் காகத்தையும் பெருமாள் காத்தது அவர்கள் சரணம் புகுந்த பின்னரே. அரக்கியரோ அப்போதே தீங்கிழைத்துக் கைகாயாதவர்கள். தம்மைக் காக்கும்படி கேட்டவர்களும் அல்லர். அவர்களைத் திருவடியிடமிருந்து காத்ததால் பிராட்டி பெருமாளுடைய கோஷ்டியையே சிறிதாக்கிவிட்டாள் என்பது பட்டருடைய கருத்து. கைங்கர்யத்தில் இழிவோர்க்கும் ப்ரபத்தியில் நிற்போர்க்கும் இதனினும் பெரிய தேற்றம் வேறில்லை. நம் குற்றத்தைக் கணக்கிடாமல் நமக்காகப் பேசும் தாய் ஒருத்தி உண்டு என்பதற்கு, அவள் குற்றவாளிகளின் நடுவே பத்து மாதங்கள் வாழ்ந்து காட்டியதே ஆதாரம். வாழ்ந்தது நிழல் என்றால் அந்தப் பொறையும் நிழலுடையதே ஆகும். பட்டம் பெறாத அடி ஒன்றைப் பட்டதாகச் சொல்லி மன்னிப்பதற்கும், பட்டபின் மன்னிப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே அழிந்துபோகும். புருஷகாரம் என்னும் கோயிலின் அடிமானக் கல்லே பெயரும்.

அக்னியின் நிலையையும் எண்ண வேண்டும். இலங்கையில் திருவடியின் வாலில் தீயிட்டார்கள் என்று கேட்டபோது, பிராட்டி தன் கற்பையும் பதிபக்தியையும் சாட்சியாக வைத்து, அவருக்குக் குளிர்ந்திருக்குமாறு அக்னியை வேண்டினாள். அக்னியும் அவ்வாறே குளிர்ந்தான். நிழற்கதையைக் கொண்டால், அப்போது மெய்யான பிராட்டி அக்னிக்குள்ளேயே இருக்கிறாள். நிழல் வேண்ட, பிராட்டியைத் தன்னுள் வைத்துக் காக்கும் அக்னி இசைந்தான் என்று சொல்லவேண்டி வரும். இது பொருந்துமாறு இல்லை. வால்மீகியின் போக்கில் ஸுந்தரகாண்டத்தில் அவள் சொல்லுக்கு அடங்கிய அக்னியே யுத்தகாண்டத்தில் அவளைத் தாங்கிக்கொண்டு எழுந்து சாட்சி சொல்கிறான். முன்னது பின்னதற்கு அறிகுறி. அவளைச் சுடுமோ என்ற ஐயம் கதையைக் கவனித்துக் கேட்டவனுக்கு எழவே இடமில்லை. நிழற்கதையில் இத்தொடர்பு அறுந்து, அக்னி ஓர் அடைக்கலப் பொருளைத் திருப்பித் தருபவனாக மட்டும் நிற்கிறான்.

வால்மீகி இவ்விரு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்திருப்பதும் நோக்கத்தக்கது. அரக்கியரின் குற்றத்தைப் பொறுத்து வெளிவந்தவள், அப்படியே பெருமாளுடைய திருமுன்பு நின்று, தன்மேல் இல்லாத குற்றத்தைச் சொல்லக் கேட்கிறாள். குற்றமுள்ளாரைப் பொறுத்தவள் குற்றமின்றியே சொற்களைத் தாங்குகிறாள். அச்சொற்கள் கடியவை என்பதை வால்மீகி மறைக்கவில்லை. கேட்டவர்கள் நடுங்கினர், இளையபெருமாள் சினத்தோடும் துயரத்தோடுமே சிதை அடுக்கினார். அதை அடுக்கச் சொன்னவள் பிராட்டியே. பின்னர்ப் பெருமாள் தாம் அவளுடைய தூய்மையை ஐயுறவில்லை என்றும், அவள் தன் தேஜஸ்ஸாலேயே காக்கப்பட்டவள் என்றும், மூவுலகும் நம்பவே வாளா இருந்தார் என்றும் சொல்கிறார். இவ்விடம் கேட்பவர் மனத்தில் ஒரு வலியை வைக்கிறது. அவ்வலியை அகற்றுவது வ்யாக்யானத்தின் கடமை அன்று. அவ்வலிக்குள் அவளுடைய பெருமை நிற்பதைக் காட்டுவதே கடமை.

இங்கே மூன்று ஆக்ஷேபங்கள் எழலாம். முதலாவது: 'நிழற்கதை ஸாகர் புனைந்தது அன்றே, கூர்மபுராணத்திலும் அத்யாத்ம ராமாயணத்திலும் துளசிதாசருடைய ராமசரிதமானஸத்திலும் உள்ளதன்றோ' என்பது. உண்மையே, புனைந்தார் என்று குறைகூற இடமில்லை. ஆயினும் துளசிதாசர் அதைச் சொன்ன இடம் வேறு. அவர் ஆரண்யகாண்டத்திலேயே, இராவணன் வருமுன்பே, பெருமாள் பிராட்டியைத் தீயில் உறையச் சொன்னதைக் கேட்போர்க்குத் தெரிவித்துவிடுகிறார். இளையபெருமாளும் அறியாத இரகசியம் அது என்கிறார். அவருடைய கேட்போர் பின்வருவன அனைத்தையும் லீலை என்று அறிந்தே கேட்கின்றனர். தொடரோ, பல வாரங்கள் அசோகவனத்துத் துயரை மெய்யாகக் காட்டி, காண்போரை அழவைத்து, முடிவில் ஒரு கேள்விக்கு விடையாக அந்த இரகசியத்தை வெளியிடுகிறது. துளசிதாசரிடம் லீலாரஸமாக இருந்தது தொடரில் ஒரு சமாதானமாக மாறிவிட்டது. தீபிகா சிக்லியா அசோகவனக் காட்சிகளில் அடக்கத்தோடும் வீறோடும் நடித்தது இன்றும் நினைவுகூரப்படுகிறது. அக்கண்ணீரை நிழலின் கண்ணீராக்கியது அந்நடிப்புக்கும் செய்த அநீதியே.

இரண்டாவது ஆக்ஷேபம் நம் திவ்யதேசத்திலிருந்தே வருவது. திருவேங்கடமுடையான் திருக்கல்யாண வரலாற்றில், ஸீதைக்குப் பதிலாக இலங்கை சென்றவள் வேதவதி என்றும், அவளே பின்னர்ப் பத்மாவதியாக அவதரித்தாள் என்றும் கேட்கிறோமே என்பர். அவ்வரலாறு பத்மாவதித் தாயாரின் பெருமையைச் சொல்ல வந்தது. அதற்கு அதற்குரிய மதிப்பைத் தர வேண்டும். ஒரு புராணம் ஒரு பெருமையைச் சொல்ல எடுத்த கதையை, இதிஹாஸத்தின் தாத்பர்யத்தை அளக்கும் கோலாகக் கொள்ளலாகாது. ஸ்ரீராமாயணத்தின் பொருளை நிர்ணயிக்கும்போது பிள்ளைலோகாசார்யரும் மாமுனிகளும் வால்மீகியின் வழியே நின்று, சிறையிருந்தவளை ஸாக்ஷாத் பிராட்டியாகவே கொண்டனர். ஸ்வாமி தேசிகன் அபயப்ரதாநஸாரத்தில் அந்த இதிஹாஸத்தைச் சரணாகதி நெறியில் காண்பதும் இவ்வடிப்படையின் மேலேயே.

மூன்றாவது ஆக்ஷேபமே கனமானது: 'பிராட்டி எம்பெருமானை ஒருபோதும் பிரியாதவள் என்பது ஸித்தாந்தம். அப்படியானால் மெய்யான பிராட்டி பத்து மாதங்கள் பிரிந்திருந்தாள் என்பதைவிட, பிரிந்தது நிழல் என்பதுதானே ஸித்தாந்தத்துக்கு இசையும்?' என்பர். பார்வைக்கு இசைவதுபோல் தோன்றினும் இது ஸித்தாந்தத்தை வேரிலே அறுப்பது. எம்பெருமானுடைய அவதாரம் மெய். அவதரித்தபோதும் அவன் தன் ஸ்வபாவத்தை விடுவதில்லை என்பதை எம்பெருமானார் கீதாபாஷ்யத்தில் நிலைநாட்டினார். அவன் ராகவனாகும்போது அவள் ஸீதையாகிறாள் என்று ஸ்ரீவிஷ்ணுபுராணத்தில் பராசர மஹர்ஷி சொன்னபடி, அவனுடைய அவதாரம் மெய்யானால் அவளுடைய அவதாரமும் மெய்யே. ஸ்வரூபத்தில் பிரிவில்லாதவள் அவதாரத்தில் பிரிவை ஏற்றாள். அந்த ஏற்பு தன் குணங்களை நமக்கு வெளியிட. துன்பம் வரும் இடத்தில் மட்டும் அவதாரம் மாயை என்று விலகுமாயின், ஆய்ச்சி கட்டிய கயிற்றுக்கு அடங்கியதும் மாயை என்றாகும்; ஆழ்வார்கள் உருகிய எளிமையும் மாயையாய் முடியும். அத்யாத்ம ராமாயணத்தின் நோக்கில் நிழல் எளிதாகப் பொருந்தும். ஜகத்தையும் அவதாரத்தையும் மெய்யென்னும் நம் தர்சனத்தில் பொருந்தாது.

தீண்டல் என்னும் நெருடலைத் தமிழில் கம்பர் வேறுவகையாகத் தீர்த்தார். இராவணன் பிராட்டியைத் தொடாமல், பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்தெடுத்துப் போனான் என்று பாடினார். அரக்கன் கை படாமல் காத்தவர், சிறைப்பட்டவளை மாற்றவில்லை. இலங்கையில் இருந்தவள் பிராட்டியே. தொடருக்கு மூலமாகச் சொல்லப்பட்ட நூல்களுள் கம்பராமாயணமும் ஒன்றாக இருந்தும், இவ்விடத்தில் கம்பர் வழியைக் கொள்ளாமை வருந்தத்தக்கது.

ரஸிகர்களின் மற்றொரு வேண்டுகோளையும் இங்கே நினைவுகூரலாம். பட்டாபிஷேகத்தோடு தொடர் முடிந்தபோது, உத்தரகாண்டமும் காட்டப்பட வேண்டும் என்று பஞ்சாபின் ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வால்மீகி முனிவரைத் தம் முதல்வராகப் போற்றுபவர்கள் அவர்கள். பின்னர் உத்தரகாண்டக் கதையும் தனித்தொடராக வந்தது. இவ்வேண்டுகோள் அரசியல் என்றும் ஆர்வம் என்றும் பலவாறு பேசப்பட்டது. வ்யாக்யான நோக்கில் அதற்கு வேறொரு பொருத்தமும் உண்டு. பிராட்டியின் பிரிவுகள் மூன்று என்றும், இலங்கைப் பிரிவு கிருபையையும், வனத்தில் விடப்பட்ட பிரிவு பாரதந்த்ர்யத்தையும், பூமியில் புகுந்த பிரிவு அநந்யார்ஹத்வத்தையும் வெளியிட்டன என்றும் பிள்ளைலோகாசார்யர் வகுத்தார். இம்மூன்றும் ஒரு தொடர். முதற்பிரிவை நிழலுக்குக் கொடுத்துவிட்டால், மற்ற இரண்டு பிரிவுகளுக்கும் முன்னடி இல்லாது போகும். வனத்துக்குப் போனவளும் பூமியில் புகுந்தவளும் மெய்யான பிராட்டி என்பதில் எவருக்கும் ஐயமில்லை. பின்னிரு துயரங்களையும் தானே ஏற்றவள், கிருபை வெளிப்பட்ட முதற்சிறையை மட்டும் நிழலிடம் விட்டாள் என்பதற்குக் காரணம் சொல்ல இயலாது.

இதனால் அத்தொடரைக் காணலாகாது என்பது கருத்தன்று. கோடிக்கணக்கான இல்லங்களில் ராமநாமத்தை ஒலிக்கச் செய்த உபகாரம் அதற்கு உண்டு. கடிந்து பேசும் ரஸிகர்களையும் விலக்க வேண்டியதில்லை. அவர்களுடைய சினம் பிராட்டியின் துயரை மெய்யென்று எடுத்துக்கொண்டதால் வந்தது. அவ்வளவில் அவர்கள் நிழல் என்று ஆறுதல் அடைந்தவர்களைவிட நம் ஆசார்யர்களுக்கு அணுக்கமாய் நிற்கின்றனர். அவர்களுக்கு இன்னும் ஓரடி எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது: அத்துயரம் அவள் நமக்காக ஏற்றது என்று காண்பது.

இல்லத்துச் சிறுவர் அக்கட்டத்தைக் கண்டு, 'ஸீதை ஏன் தீயில் புக வேண்டும்?' என்று கேட்டால், 'அது நிழல்தான், கவலைப்படாதே' என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அவ்விடை கேள்வியை அடக்கும், தாயை அறிமுகப்படுத்தாது. பிறருடைய சிறையைத் திறக்கத் தான் சிறை புகுந்தவள் ஒருத்தி இருந்தாள், தன்னை வருத்தியவர்களையும் அவள் காத்தாள், தீ அவளுக்கு முன்பே அடங்கியிருந்தது என்று சொல்லித் தருவது பெரியோர் கடமை. நம் அபராதங்கள் நிழல் அல்ல. அவற்றைப் பொறுப்பவளும் நிழலாக இருத்தல் ஒண்ணாது. இதனை ஆஸ்திகர்கள் ஆராய்ந்து கொள்வார்களாக.